பாதி மட்டும் சுரண்டுவது ஏன்? வீட்டில் செய்யும் மின் மோட்டாரின் உள்விவரம்

சுருள் சுற்றவில்லை. ஒரு பக்கம் சாய்ந்தது, திரும்பி வந்தது, மறுபடி சாய்ந்தது, தொட்டில் அடங்குவதுபோல மெல்ல அடங்கி நின்றுவிட்டது. சிங்கப்பூரின் உட்லண்ட்சில் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பேட்டரி, இரண்டு ஊக்குகள், ஒரு காந்தம், பத்துச் சுற்று சுற்றிய செப்புக் கம்பி. தொடக்கநிலை 5 படிக்கும் அண்ணன் மகன் கைப்பேசியில் ஒரு காணொளியை ஓடவிட்டிருந்தான். அதில் விர்ரென்று சுற்றும் சுருளையும் தன் எதிரே அசையாமல் கிடக்கும் சுருளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அத்தை, எல்லாம் அவர்கள் சொன்னபடிதானே செய்தோம்?"

ஒன்றைத் தவிர எல்லாம் சொன்னபடிதான். கம்பியின் ஒரு முனையில், மின்சாரத்தைத் தடுக்கும் எனாமல் பூச்சை முழுவதும் சுரண்ட வேண்டும், மறுமுனையில் பாதி மட்டும். அவன் இரண்டு முனைகளையும் பளபளக்கும்வரை முழுக்கச் சுரண்டியிருந்தான். நன்றாகச் சுரண்டினால் மின்சாரம் நன்றாகப் போகும் என்பது அவன் கணக்கு. மின்சாரம் நன்றாகத்தான் போனது. சுருள் சுற்றாமல் போனதற்கு அதுவேதான் காரணம்.

வீட்டில் மோட்டார் செய்யக் கற்றுத் தருபவர்களில் பெரும்பாலோர் "ஒரு முனையில் பாதி மட்டும் சுரண்டவும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த படிக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள்தான் மோட்டாரே இருக்கிறது என்பது என் எண்ணம். அதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு மிக்சியும் மின்விசிறியும் எம்ஆர்டி ரயிலும் ஒரே குடும்பத்து உறுப்பினர்களாகத் தெரியத் தொடங்கும். புரியாமல் செய்த பிள்ளையிடம் சற்று நேரம் சுற்றி நின்றுபோன ஒரு பொம்மை மட்டுமே இருக்கும்.

முதலில் பொருள்கள். எனாமல் பூசிய செப்புக் கம்பி அரை மில்லிமீட்டர் தடிமனில் இருந்தால் நல்லது. அதைவிட மெல்லியது தன் வடிவத்தில் நிற்காமல் தொய்யும், மிகத் தடித்தது சுற்றுவதற்கே முரண்டு பிடிக்கும். ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரில் மின்னணு உதிரிப் பாகக் கடைகள் இருக்கின்றன, கம்பி அங்கே கிடைக்கும். அங்கிருந்து லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு நடந்தே போய்விடலாம் என்பதால் அதே நடையில் ஊக்குகளும் வாங்கிக்கொள்ளலாம். சேலைக்குக் குத்தும் பெரிய ஊக்குதான் இதற்குத் தோது. அதன் அடியில் இருக்கும் சிறு வளையம் சுருளின் முனையைத் தாங்கிக்கொள்ளும். உப்புத்தாள் ஒரு துண்டு, ரப்பர் பட்டை ஒன்று, தடித்த டி வகை பேட்டரி ஒன்று. சுருளை அந்தப் பேட்டரியின் மீதே சுற்றிக் கழற்றி எடுத்தால் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டம் கிடைக்கும். இரு பக்கமும் நான்கைந்து சென்டிமீட்டர் நீளத்துக்குக் கம்பியை நேராக நீட்டி விட வேண்டும். அவைதான் அச்சு. ஊக்குகளை ரப்பர் பட்டையால் பேட்டரியின் இரு முனைகளிலும் இறுக்கி, அச்சை அவற்றின் வளையங்களில் ஏற்றி, சுருளுக்கு அடியில் காந்தத்தை வைக்க வேண்டும்.

காந்தத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் மெல்லிய, வளையக்கூடிய காந்தத்தை எடுத்து வைத்துவிட்டுச் சுருள் அசையவில்லையே என்று வருந்துவார்கள். அந்த வகைக் காந்தத்தில் வட துருவமும் தென் துருவமும் கோடு கோடாக மாறி மாறி அமைந்திருக்கும். தாளைத் தாண்டி இரும்புக் கதவைப் பற்ற அது போதும். ஆனால் சில மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே பக்கத்துப் பக்கத்துத் துருவங்கள் ஒன்றையொன்று அடித்துவிடுவதால் காந்தப் புலம் காணாமல் போய்விடும். நமக்கு வேண்டியது ஒரு முகம் முழுவதும் வட துருவமாகவும் மறுமுகம் முழுவதும் தென் துருவமாகவும் உள்ள, கறுப்பு வில்லைபோன்ற பெரைட் காந்தம். வெள்ளிபோல் மின்னும் நியோடிமியம் காந்தம் இதைவிடப் பல மடங்கு வலிமையானது, மோட்டாரும் அதைக் கொண்டு நன்றாகவே ஓடும். ஆனால் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பட்டாணி அளவு நியோடிமியம் காந்தங்களை நான் அனுமதிப்பதில்லை. இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலின் இரு மடிப்புகளை இடையே வைத்து ஒன்றையொன்று இறுக்கிக் குடலையே துளைத்துவிடும். அறுவை சிகிச்சை வரை போகக்கூடிய ஆபத்து அது.

இனி, இந்தக் கம்பி ஏன் நகர வேண்டும் என்ற கேள்வி. மின்னோட்டம் பாயும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி முள் விலகுவதை டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் 1820இல் கண்டறிந்து வெளியிட்டார். மின்சாரமும் காந்தமும் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள் என்று அதுவரை நினைத்திருந்த ஐரோப்பிய அறிவியல் உலகம் பரபரத்தது. கம்பியால் காந்தத்தை நகர்த்த முடிந்தால், காந்தத்தால் கம்பியை நகர்த்தவும் முடிய வேண்டும் அல்லவா? அடுத்த ஆண்டு, 1821 செப்டம்பரில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே அதைச் செய்து காட்டினார். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய, பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத இளைஞர், அப்போது வயது 29. ஒரு கிண்ணத்தில் பாதரசம், அதன் நடுவே நட்டு வைத்த காந்தம், மேலிருந்து தொங்கி நுனி மட்டும் பாதரசத்தில் தோயும் ஒரு கம்பி. மின்கலத்தை இணைத்ததும் கம்பி காந்தத்தைச் சுற்றி வலம் வந்தது. மின்னோட்டமும் காந்தமும் சேர்ந்து ஒரு பொருளை இடைவிடாமல் சுற்ற வைத்தது அதுவே முதல் முறை. (பாதரச ஆவி நஞ்சு. ஃபாரடேயின் சோதனையை அப்படியே வீட்டில் செய்து பார்க்க யாரும் முனைய வேண்டாம்.)

ஃபாரடேயின் கருவியில் பாதி சுரண்டும் வேலையே இல்லை. கம்பி எங்கே இருந்தாலும் விசை அதை ஒரே வட்டப் போக்கில்தான் தள்ளியது. அழகான ஏற்பாடு, ஆனால் வலுவற்றது. அங்கே தள்ளப்படுவது ஒற்றைக் கம்பி. வலு வேண்டுமானால் கம்பியைச் சுருளாகச் சுற்ற வேண்டும். சுருளாக்கியவுடன் புதிய சிக்கல் ஒன்று முளைக்கிறது. எங்கள் மேசையில் நடந்தது அந்தச் சிக்கல்தான்.

மின்னோட்டம் பாயும் சுருள் ஒரு தட்டையான காந்தம்போல நடந்துகொள்ளும். அதன் ஒரு முகம் வடக்கு, மறுமுகம் தெற்கு. கீழே இருக்கும் காந்தத்தின் வட துருவ முகம் மேல்நோக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுருளின் தென் முகம் அதை நோக்கித் திரும்பப் பார்க்கும், வட முகம் விலகப் பார்க்கும். இப்படி இழுபட்டுச் சுருள் அரைச் சுற்று வரை சுழன்று, தன் தென் முகம் காந்தத்தைப் பார்த்தபடி படுத்துவிடும். தேடியது கிடைத்துவிட்டது, இனி அது ஏன் நகரப் போகிறது? வந்த வேகத்தில் சற்றுத் தாண்டிப் போனாலும் அதே விசை அதைத் திருப்பி இழுக்கும். அப்படித்தான் எங்கள் சுருள் ஊசலாடி அடங்கியது. மின்சாரம் தடையில்லாமல் பாய்ந்ததால் காந்தம் அதைப் பிடித்த பிடியை விடவேயில்லை.

விடுவிக்க எளிய வழி, சுருள் தேடிய இடத்தை அடையும் அந்தக் கணத்தில் மின்னோட்டத்தை நிறுத்துவது. நிறுத்தினால் சுருள் வெறும் செப்புக் கம்பி, காந்தத்துக்கு அதன்மீது பிடியில்லை. வந்த வேகத்திலேயே அது மறு அரைச் சுற்றைக் கடந்துவிடும். கடந்து, ஒத்த துருவங்கள் எதிரெதிரே வரும் இடத்தைத் தாண்டும்போது மறுபடி மின்னோட்டம் வந்தால் மறுபடி ஒரு தள்ளு கிடைக்கும். ஊஞ்சல் தள்ளுபவர் செய்வது இதுதானே? பலகை விலகிப் போகும்போது தள்ளுகிறார், திரும்பி வரும்போது கையை எடுத்துக்கொள்கிறார். எந்நேரமும் கையை வைத்துக்கொண்டிருந்தால் ஊஞ்சல் நின்றுதான் போகும்.

ஒரு முனையில் விட்டுவைத்த பாதி எனாமல்தான் அந்தக் கையை எடுக்கும் வேலையைச் செய்கிறது. சுருளோடு சேர்ந்து முனையும் சுழல்கிறது. சுரண்டிய பக்கம் ஊக்கின் வளையத்தைத் தொடும்போது மின்னோட்டம் பாயும், எனாமல் உள்ள பக்கம் தொடும்போது நிற்கும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதைச் சுருள் தானே தன் சுழற்சியால் தீர்மானித்துக்கொள்கிறது. கம்பிமேல் மூச்சளவு மெல்லிய ஒரு பூச்சு இதைச் செய்துவிடுகிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

அப்படியானால் இரு முனைகளையும் முழுக்கச் சுரண்டியும் சிலருக்கு மோட்டார் ஓடுவது எப்படி? அதுவும் நடக்கும். சுருள் சற்றுக் கோணலாக இருந்தாலோ ஊக்கின் துளை பெரிதாக இருந்தாலோ அச்சு குதித்துக் குதித்துத் தொடர்பு தானாகவே விட்டு விட்டு வரும். அந்தக் குதிப்பு சரியான கணத்தில் நேர்ந்துவிட்டால் சுருள் ஓடும். தற்செயலாகக் கிடைத்த ஓட்டம் அது. மறுநாள் செய்தால் ஓடும் என்று சொல்வதற்கில்லை.

எங்களுக்கு அந்த யோகம் அமையவில்லை. புதிய சுருள் சுற்ற அவனுக்குப் பொறுமையும் இல்லை. "அக்காவின் நகப்பூச்சைப் பூசினால் எனாமல் மாதிரி ஆகாதா அத்தை?" என்று கேட்டான். ஆகும். காய்ந்த நகப்பூச்சு மின்சாரத்தை நன்றாகவே தடுக்கும். ஒரு முனையில் பாதியளவு சிவப்பாகப் பூசினோம், கால் மணி நேரம் காய வைத்தோம். ஊக்குகளில் ஏற்றினோம். சுருள் ஒரு துள்ளு துள்ளியது, சுற்றவில்லை.

இந்த இரண்டாம் தோல்விதான் அன்றைக்குக் கிடைத்த பெரிய பாடம். பாதி என்றால் எந்தப் பாதி? அவன் சுருளை மேசையில் தட்டையாகப் படுக்க வைத்து முனையின் மேல்பக்கத்தில் பூசியிருந்தான். அப்படிப் பூசினால், சுருள் நிமிர்ந்து நிற்கும் நிலையில் மின்னோட்டம் தொடங்கி, அது காந்தத்தின் முன் படுத்து, மறுபடி நிமிரும்வரை நீடிக்கும். முதல் கால் சுற்றில் காந்தம் தள்ளுகிறது, அடுத்த கால் சுற்றில் அதே காந்தம் இழுத்துப் பிடிக்கிறது. கொடுத்ததும் வாங்கியதும் சரியாகிப் போனால் மிச்சம் என்ன இருக்கும்? சுருளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மேசை விளிம்பில் முனையை வைத்து, மேல்பக்கத்தில் மட்டும் பூச வேண்டும், அல்லது சுரண்ட வேண்டும். அப்போதுதான் தொடர்பு தொடங்குவதும் விடுவதும் சுருள் படுத்திருக்கும் நிலைகளில் நேரும், அதன் நடுவே நிமிர்ந்து நிற்கும் நிலையில், அதாவது முறுக்கு விசை மிக அதிகமாக இருக்கும் இடத்தில், மின்னோட்டம் முழுதாகக் கிடைக்கும். வீட்டு மோட்டார்கள் ஓடாமல் போவதற்கு இந்தக் கால் சுற்றுப் பிசகு முக்கியமான காரணம் என்பது என் அனுபவம். செய்முறை விளக்கங்களில் இதை அரிதாகத்தான் சொல்கிறார்கள்.

நகப்பூச்சைத் துடைத்துவிட்டு, சுருளை நிமிர்த்திப் பிடித்து மறுபடி பூசினோம். ஏற்றி, விரலால் ஒரு தட்டுத் தட்டியதும் சுற்றத் தொடங்கியது. ஊக்கின் வளையத்தில் சிறு பொறி. அவன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தானாகவே கண்டுபிடித்தான்: எதிர்ப்பக்கமாகத் தட்டினால் அது ஓடுவதில்லை, தயங்கி நின்றுவிடுகிறது. காந்தத்தைப் புரட்டி வைத்தால் ஓடும் திசை மாறுகிறது. பேட்டரியைத் திருப்பி வைத்தாலும் மாறுகிறது. இரண்டையும் சேர்த்து மாற்றினால் பழைய திசைக்கே வந்துவிடுகிறது. உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் ஃபிளெமிங்கின் இடக்கை விதியை மூன்று விரல்களால் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அதற்கு முன்பே அந்த விதியை மேசைமேல் பார்த்துவிட்ட பிள்ளைக்கு மனப்பாடம் தேவைப்படாது.

சுருளில் மின்னோட்டத்தை வேளையறிந்து மாற்றும் இந்தச் சாதனத்தைத் தமிழில் திசைமாற்றி என்கிறோம். சிங்கப்பூரில் நம் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள், இந்தச் சொல் அவர்கள் காதில் விழுவதேயில்லை. விழ வேண்டும் என்று நான் விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. சொல்லே வேலையைச் சொல்லிவிடுகிறது. கண்டிப்பாகப் பார்த்தால் எங்கள் சிவப்பு நகப்பூச்சு திசையை மாற்றுவதில்லை, அரைச் சுற்றுக்கு மின்னோட்டத்தை வெட்டுகிறது, அவ்வளவுதான். உண்மையான திசைமாற்றியில் வளையம் ஒன்று இரண்டாகப் பிளந்திருக்கும். முதல் அரைச் சுற்றில் ஒரு திசையிலும் அடுத்த அரைச் சுற்றில் எதிர்த் திசையிலும் மின்னோட்டம் போகும். சுருளின் வட முகமும் தென் முகமும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் காந்தம் இரண்டு அரைச் சுற்றுகளிலும் அதைத் தள்ளும், மின்னோட்டம் திசை மாறும் கணத்தில் மட்டும் தள்ளு இருக்காது.

1821இல் ஃபாரடேயின் கம்பி சுற்றியது. சுருளும் திசைமாற்றியும் கொண்டு, ஒரு வேலையைச் செய்யும் அளவுக்கு வலுவான மோட்டாரை வில்லியம் ஸ்டர்ஜன் இங்கிலாந்தில் உருவாக்கியது 1832இல். இடையில் பதினோரு ஆண்டுகள். ஹங்கேரியில் பாதிரியாரும் பேராசிரியருமான ஆன்யோஷ் யெட்லிக் 1820களின் இறுதியிலேயே திசைமாற்றியுடன் சுழலும் கருவிகளைச் செய்திருந்தார். ஆனால் அவர் பணி வெகுகாலம் வெளியுலகுக்குத் தெரியவில்லை. ஸ்டர்ஜன் செருப்புத் தைப்பவரின் மகன், பீரங்கிப் படையில் சிப்பாயாக இருந்தவர், தானாகவே படித்து முன்னேறியவர். 1820களின் நடுவில் அவர் செய்த மின்காந்தத்தில் கம்பிக்குப் பூச்சே கிடையாது. லாட இரும்புக்கு வார்னிஷ் பூசி, அதன்மேல் வெறும் செப்புக் கம்பியை ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டுச் சுற்றினார். அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி கம்பிக்கே பட்டுத் துணியைச் சுற்றியபோதுதான் சுற்றுக்குமேல் சுற்றாக நெருக்கிச் சுற்ற வழி பிறந்தது. இன்று ஒரு சுருட்டுக் கம்பியை வாங்கி அலட்சியமாகப் பிரிக்கிறோமே, அதன்மேல் இருக்கும் பூச்சுக்குப் பின்னால் இவ்வளவு பேரின் உழைப்பு இருக்கிறது.

அதன் பிறகு வேகம் பிடித்தது. 1834இல் மோரிட்ஸ் யாகோபி மோட்டார் ஒன்றைச் செய்தார், 1838இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் நேவா ஆற்றில் மின் மோட்டாரால் படகு ஓட்டிக் காட்டினார். அமெரிக்காவின் வெர்மான்டில் தாமஸ் டேவன்போர்ட் என்ற கொல்லர் 1837இல் மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் மின்கலத்தில் துத்தநாகத்தைக் கரைத்துக் கரைத்து ஓடும் மோட்டார் நிலக்கரியில் ஓடும் நீராவி எந்திரத்தின் விலைக்கு அருகில்கூட வர முடியவில்லை. மலிவான மின்சாரம் வரும்வரை மோட்டார் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சாப்பாட்டு மேசைக்குத் திரும்புவோம். நம் சுருளுக்கு எவ்வளவு வலு? அரை மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் மின்தடை ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.086 ஓம். டி வகை பேட்டரியின்மீது பத்துச் சுற்று சுற்றினால், முனைகளையும் சேர்த்து, கம்பியின் நீளம் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும். ஆகச் சுருளின் மின்தடை சுமார் 0.1 ஓம். 1.5 வோல்ட்டை 0.1ஆல் வகுத்தால் 15 ஆம்பியர் வருகிறது. நம் வீட்டு மூன்று முனைச் செருகியில் இருக்கும் உருகியின் அளவே 13 ஆம்பியர்தான்! உண்மையில் அவ்வளவு பாய்வதில்லை. பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடையும் ஊக்கு தொடும் இடத்தில் ஏற்படும் தடையும் அதைச் சில ஆம்பியராகக் குறைத்துவிடுகின்றன. 2 ஆம்பியர் என்று கொள்வோம். பெரைட் காந்தத்துக்கு நெருக்கமான இடத்தில் புலம் 0.05 டெஸ்லா என்று வைத்துக்கொள்ளலாம், இது பூமியின் காந்தப் புலத்தைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். சுருளின் காந்தத்தை ஒட்டிய பகுதியில் 3 சென்டிமீட்டர் நீளம், பத்துச் சுற்று. பெருக்கினால் 0.03 நியூட்டன், அதாவது 3 கிராம் எடைக்கு இணையான விசை. சுருளின் எடையே சுமார் 2 கிராம்தான். தன் எடையை ஒத்த ஒரு விசை தன்னைத் தள்ளுவதால்தான் அது அத்தனை சுறுசுறுப்பாக எழுந்து ஓடுகிறது.

இதே கணக்கில் ஆபத்தும் இருக்கிறது. பத்துச் சுற்றுக் கம்பி என்பது ஏறக்குறைய பேட்டரியின் இரு முனைகளையும் நேராக இணைத்ததற்குச் சமம். ஓடும்போது பாதி நேரம் தொடர்பு விடுவதால் சமாளித்துக்கொள்ளும். தொடர்பு உள்ள நிலையில் சுருள் சிக்கி நின்றுவிட்டால் மின்னோட்டம் ஓயாமல் பாய்ந்து கம்பியும் ஊக்கும் பேட்டரியும் சுடத் தொடங்கும். நின்ற சுருளை உடனே கழற்றிவிட வேண்டும், ஓடினாலும் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் விட வேண்டாம். சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி தவிர வேறெதையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. லித்தியம் பேட்டரிகளோடு இந்த விளையாட்டு அறவே கூடாது. அவை ஒரே மூச்சில் பெரும் மின்னோட்டத்தைக் கொட்டக்கூடியவை, சூடேறித் தீப்பற்றக்கூடியவை. மின் ஸ்கூட்டர் பேட்டரியால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் தீ மூண்ட செய்திகளை இங்கே எல்லோரும் படித்திருக்கிறோம். சுவர்ச் செருகியின் 230 வோல்ட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. எனாமலை நெருப்பில் எரித்து அகற்றுவதும் வேண்டாம். புகை கெடுதல், எரிந்த செம்பின்மேல் கறுப்புப் படிவும் சேரும். பொறுமையாக உப்புத்தாளால் தேய்ப்பதே போதும்.

மற்ற கோளாறுகள் எளியவை. அச்சாக நீட்டிய இரு முனைகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் சுருள் நொண்டும். சுருளின் கனம் ஒரு பக்கம் கூடியிருந்தால் அந்தப் பக்கம் கீழே வந்து நின்றுகொள்ளும். எனாமல் செம்பின் நிறத்திலேயே இருப்பதால் சுரண்டியதாக நினைத்த இடத்தில் பூச்சு எஞ்சியிருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். வேகத்தை அளக்கவும் ஓர் எளிய வழி உண்டு. சுருளின் ஓரத்தில் வண்ணத்தாள் துணுக்கு ஒன்றை ஒட்டிவிட்டுக் கைப்பேசியில் நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவோட்டக் காணொளியாகப் பதிவுசெய்யலாம். துணுக்கு ஒரு சுற்று வர 30 படங்கள் ஆகுமானால் நொடிக்கு 8 சுற்று, நிமிடத்துக்கு 480.

சிங்கப்பூரின் சாலைகளில் திசைமாற்றி வந்து சேர்ந்தது 1905இல், மின் டிராம் வண்டிகளோடு. அவற்றுக்கு மின்சாரம் தந்த நிலையம் மெக்கன்சி சாலையில் இருந்தது, இன்றைய லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில். தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகிறவர்கள், ஒரு காலத்தில் நகரத்தின் டிராம்களையே ஓட்டிய மின்சாரம் அந்தப் பகுதியிலிருந்து போனது என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். டிராம் 1927இல் நின்றது. அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்ட, மேலே கம்பியைத் தொட்டு ஓடும் டிராலி பஸ்கள் 1962 வரை ஓடின. 1987 நவம்பர் 7 அன்று யியோ சூ காங்கிற்கும் தோ பாயோவுக்கும் இடையே எம்ஆர்டி தொடங்கியபோது, மூன்றாம் தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரத்தைப் பெற்ற அந்த முதல் தலைமுறை ரயில்களிலும் தூரிகையும் (திசைமாற்றியை உரசி மின்சாரம் தரும் கார்பன் பிரஷ்) திசைமாற்றியும் கொண்ட மோட்டார்களே இருந்தன. பின்னால் வந்த ரயில்களில் அந்தத் தேய்மானமே இல்லை. மின்னணுச் சுற்றுகள் நேர்மின்சாரத்தை வெட்டி வெட்டி மாறுமின்சாரமாக்கி மோட்டாருக்குத் தருகின்றன. நிலையத்தை விட்டு ரயில் கிளம்பும்போது அடியிலிருந்து சுருதி ஏறுவதுபோல ஒரு ஒலி எழுமே, அதில் கேட்பது அந்த வெட்டுதலைத்தான்.

வீட்டுக்குள் பழைய முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. சட்னி அரைக்கும்போது மிக்சியின் அடிப்பக்கக் காற்றுத் துளைகள் வழியே இருட்டில் பார்த்தால் நீலப் பொறிகள் தெரியும். கார்பன் பிரஷ், பிளந்த செப்பு வளையத்தை உரசும் இடம் அது. எங்கள் ஊக்கின் வளையத்தில் தெறித்த பொறியின் பெரிய அண்ணன்.

மேலே சுழலும் மின்விசிறியின் கதை வேறு. அண்ணன் வீட்டுக் கூடத்து மின்விசிறி சில வாரங்களாகத் தானாகக் கிளம்ப மறுத்துக்கொண்டிருந்தது. நீண்ட குச்சியால் இறக்கையை ஒரு தள்ளு தள்ளினால் ஓடும். எங்கள் சுருள் ஓடியதும் அண்ணன் மகன் மேலே நிமிர்ந்து பார்த்து, "அதையும் நாம் தட்டித்தானே விடுகிறோம்?" என்றான். அந்த ஒப்பீடு எனக்குத் தோன்றவேயில்லை, அவனுக்குத் தோன்றியது. பழைய வகை மின்விசிறியில் ஒற்றைச் சுற்றுக் கம்பிக்கு மாறுமின்சாரம் கொடுத்தால் காந்தப் புலம் முன்னும் பின்னுமாகத் துடிக்குமே தவிரச் சுழலாது. எந்தப் பக்கம் சுற்றுவது என்று இறக்கைக்குத் தெரியாது. அதற்காகவே இரண்டாவது சுற்று ஒன்று வைத்து, கெபாசிட்டர் (மின்தேக்கி) வழியாக அதில் மின்னோட்டத்தைச் சற்று முன்பின்னாக்குகிறார்கள். இரண்டும் சேர்ந்து புலத்தைச் சுழல வைக்கின்றன. கெபாசிட்டர் வலுவிழந்தால் தொடக்கத் தள்ளு கிடைக்காது, அப்போது நம் கை அதன் வேலையைச் செய்கிறது. இப்போது கடைகளில் டிசி மின்விசிறி என்று விற்பவற்றில் அந்தத் தொல்லை இல்லை. அதில் நிலைக்காந்தம் சுழல்கிறது, சுருள்கள் அசையாமல் நிற்கின்றன, எந்தச் சுருளுக்கு எப்போது மின்னோட்டம் தருவது என்பதை ஒரு சிறு மின்னணுப் பலகை கணக்கிட்டு மாற்றிக்கொண்டே இருக்கிறது. நகப்பூச்சு செய்த வேலையை அங்கே சில்லு செய்கிறது. மின்சாரம் குறைவாகச் செலவாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மறுவாரம் உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் வந்து கெபாசிட்டரை மாற்றிக் கொடுத்தார். மின்விசிறி யாரும் தொடாமல் கிளம்பியது. பையன் கழற்றிய பழைய கெபாசிட்டரை அவரிடம் கேட்டு வாங்கிக் கையில் உருட்டிக்கொண்டே, "அப்படியானால் இந்த மின்விசிறியில் பாதி சுரண்டிய இடம் எங்கே இருக்கிறது அத்தை?" என்று கேட்டான்.

"இதற்குள் இல்லை. சுவரிலிருந்து வரும் மின்சாரமே நொடிக்கு 100 முறை திசை மாறித்தான் வருகிறது. மாற்றும் வேலை மின் நிலையத்திலேயே முடிந்துவிடுகிறது."

அவன் செருகியைப் பார்த்தான், மின்விசிறியைப் பார்த்தான். பிறகு மேசையில் இருந்த சுருளை எடுத்து, சிவப்புப் பூச்சை உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினான். பேட்டரியைக் கையாலேயே வேகமாகத் திருப்பித் திருப்பி வைத்தால் சுருள் ஓடுமா என்று பார்க்க வேண்டுமாம்.